பல் செட் அம்மா கணக்கு மூடிய கதை

– அந்த இடத்துலதான் சார் வாயை மூடிக்கிட்டேன். ஒத்துக்கறேன்.

– பதினொரு விநாடி. வாடிக்கையாளர் ஒருத்தர் கிரெடிட் கார்டை மூடணும்னு சொன்னா, நாம மூணு தடவை சலுகை சொல்லித் தடுத்துப் பார்க்கணும். சொல்ல வேண்டிய வாசகம் உங்க திரையிலயே இருக்கு. நீங்க ஒரு தடவை கூட வாசிக்கல. பதினொரு விநாடி சும்மா இருந்துட்டு, மூடிட்டேன்மான்னு சொல்லி வெச்சுட்டீங்க.

– சும்மா இருக்கல சார். மூக்கை உறிஞ்சற சத்தம் அவங்களுக்குக் கேட்டுடக் கூடாதேன்னு மைக்கைப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

– அது எனக்குத் தெரியாது. நான் அழைப்புகளோட தரம் பார்க்கிறவன். கார்டு விவகாரம் என் பிரிவு இல்ல. ஹெட்போன்ல என்ன விழுதோ அதுக்குத்தான் மதிப்பெண். இந்த வருஷம் உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு கறுப்புப் புள்ளி. மூணாவது விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?

– சீட்டு கிழிஞ்சிடும். தெரியும் சார். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

– ஏன்னு கேட்டு இந்தத் தாள்ல ஒரு கட்டம் இருக்கு. நிரப்பியாகணும். சொல்லுங்க.

– கட்டம் எவ்வளவு பெருசு சார்?

– ரெண்டு வரி.

– விஷயம் பதினாலு மாசம் சார்.

– சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் அரை மணி இருக்கு. சொல்லுங்க. அந்த அம்மா யாரு?

– பல் செட் செய்யறவங்க. டாக்டர் இல்ல. டாக்டர் வாயில அளவெடுத்து அச்சு அனுப்புவாரு, இவங்க வீட்டுப் பின்பக்க அறையில உக்காந்து அந்த அச்சுக்கு ஏத்த மாதிரி பீங்கான்ல பல்லு செஞ்சு குடுப்பாங்க. பல்லு செய்யற ஒரு பெரிய கூடத்துல பத்தொன்பது வருஷம் சம்பளத்துக்கு இருந்துட்டு, ஐம்பதாவது வயசுல தனியா வந்தவங்க. பீங்கானைச் சுடறதுக்கு ஒரு சின்ன மின்சார அடுப்பு வேணுமாம். சின்னதுன்னா ஒரு தொப்பி வைக்கிற பெட்டி அளவுதான். விலை யானை விலை. கையில இல்ல. கார்டுல தேய்ச்சுட்டாங்க. தேய்ச்ச மூணாவது மாசம், பாதி வேலை குடுத்துட்டிருந்த டாக்டர் கிளினிக்கைப் பூட்டிட்டு மகன் வீட்டோட போயிட்டாரு.

– எவ்வளவு பாக்கி?

– ஒரு கார்டுல நாப்பத்தெட்டாயிரம், இன்னொண்ணுல பன்னெண்டாயிரம். ரெண்டும் வேற வேற பேங்க். நம்மது இல்ல. நூத்துக்கு மாசம் மூணு வட்டி.

– மாசம் மூணா? வருஷத்துக்கு இல்லயா?

– மாசம்தான் சார். பில்லுக்குப் பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்குமே, அங்க போட்டிருப்பாங்க. அறுபதாயிரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ஒவ்வொரு மாசமும் வட்டி. அவங்க கட்டினது மூவாயிரம், பில்லுல குறைந்தபட்சம்னு போட்டிருக்கற தொகை. ஆக அசல்ல குறையறது வெறும் ஆயிரத்து இருநூறு. அந்த ஆயிரத்து இருநூறுக்கும் மளிகை, மருந்துன்னு அதே கார்டைத் திரும்பத் தேய்ச்சிடுவாங்க. பாருங்க சார், ரெண்டு வருஷம் ஒரு தேதி தவறாமக் கட்டியிருக்காங்க. கடன் நின்ன இடத்துல இருந்து ஒரு அங்குலம் நகரல.

– குறைந்தபட்சம் கட்டினா போதும்னுதானே பில்லுல இருக்கு?

– அபராதம் விழாம இருக்கப் போதும் சார். கடன் தீரப் போதாது.

– சரி. மேல.

– அப்பதான் நம்ம விளம்பரத்தைப் பார்த்திருக்காங்க. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். வேற பேங்க் கார்டுல இருக்கற பாக்கியை நம்ம கார்டுக்கு மாத்திக்கிட்டா, பன்னெண்டு மாசம் வட்டியே கிடையாதுன்னு. போன் என்கிட்ட வந்துச்சு. நான் வணக்கம் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள கேட்டாங்க, 'ஏம்மா, எனக்கு வட்டியைத் தள்ளுபடி பண்ண நீங்க என்ன மாமனா மச்சானா? கத்தியை எங்க வெச்சிருக்கீங்க, அதை முதல்ல சொல்லு.'

– கேட்டேன் அந்தப் பதிவை. சிரிச்சுட்டீங்க. சிரிப்புக்கு அரை மதிப்பெண் குறைச்சேன்.

– குறைச்சுக்கங்க சார், அந்தச் சிரிப்புக்கு அது தகும். சிரிச்சுட்டு, கத்தி எதெதுன்னு ஒளிக்காமச் சொன்னேன். மாத்தற தொகைக்கு நூத்துக்கு மூணு கட்டணம், ஒரே ஒரு தடவை. சலுகை பன்னெண்டே மாசம்தான், பதிமூணாவது மாசம் பழைய வட்டி திரும்பி வந்துடும். தவணை ஒரு நாள் தவறினாலும் சலுகை அன்னிக்கே போயிடும். அந்தக் கார்டுல புதுசா ஏதாவது வாங்கினா, வாங்கினதுக்கு அன்னிலேர்ந்தே வட்டி. கேட்டா சொல்லணும்னு நம்ம விதியிலயே இருக்கு சார்.

– இருக்கு. ஆனா யாரும் கேக்கறதில்ல.

– இவங்க கேட்டாங்க. கேட்டுட்டு, போன்லயே பென்சில் கிறுக்கற சத்தம். அப்புறம் சொல்றாங்க, 'நாப்பத்தெட்டாயிரத்தை மாத்தினா உன் கட்டணம் ஆயிரத்து நானூத்து நாப்பது. இப்ப அந்தக் கார்டுக்கு ஒரு மாசத்துக்கு நான் அழற வட்டியும் அதேதான். அப்ப ஒரு மாச வட்டியை உன்கிட்டக் குடுத்துட்டு பன்னெண்டு மாசம் மூச்சு விட்டுக்கறேன். அவ்வளவுதானே?' எனக்கு ஆறு நாள் பயிற்சி குடுத்தாங்க சார். படம் போட்டு, அம்பு போட்டு, கண்ணாடி அறையில உக்கார வெச்சு. அந்த ஆறு நாள்ல ஒருத்தரும் இதை இப்படிச் சொல்லல.

– ரெண்டு கார்டையும் ஏன் மாத்தல?

– ஐம்பதாயிரத்துக்குத்தான் அனுமதி கிடைச்சது. பெரிய கார்டு பாக்கியும் கட்டணமும் அதுலயே நிறைஞ்சு போச்சு. சின்னது அங்கயே வட்டியோட கிடந்துச்சு.

– அப்ப எதை முதல்ல கட்டறது? பெரிய கடன்தானே பயம்?

– நானும் அப்படித்தான் நினைச்சேன். அவங்க கணக்கு வேற. 'வட்டி இல்லாத கடன் தூங்குது, தூங்கட்டும். முழிச்சிக்கிட்டு இருக்கறதை முதல்ல கவனி' அப்படின்னாங்க. மாசம் நாலாயிரத்து ஐநூறு ஒதுக்கினாங்க. நமக்கு ரெண்டாயிரத்து ஐநூறு, தவணை தவறாம இருக்க. மீதி ரெண்டாயிரமும் சின்ன கார்டுக்கு. ஏழாவது மாசம் அந்தச் சின்ன கார்டு உயிரை விட்டுச்சு. அதுக்கப்புறம் மொத்த நாலாயிரத்து ஐநூறும் இங்க.

– மூவாயிரமே முக்கி முக்கிக் கட்டினவங்களுக்கு நாலாயிரத்து ஐநூறு எங்கேர்ந்து வந்துச்சு?

– உடைஞ்ச பல் செட்டை ஒட்டிக் குடுக்கற வேலையை எடுத்தாங்க. புதுசு செய்யறவங்க அதைத் தொட மாட்டாங்களாம் சார், கௌரவக் குறைச்சல். இவங்களும் பத்தொன்பது வருஷம் தொட்டதில்லையாம். அடுத்த தெரு கிளினிக்ல போய், உடைஞ்சதெல்லாம் எனக்கு அனுப்புங்கன்னு கேட்டு வாங்கியிருக்காங்க. முதல் நாள் வந்தது, யாரோ தும்மறப்ப மாடியிலேர்ந்து விழுந்த செட்டாம். நாலு துண்டு. என்கிட்ட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சிரிப்பை விட மாட்டாங்க சார் அந்த அம்மா. கடன்ல இருக்கறவங்க குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நாள் முழுக்க அதைத்தானே கேக்கறோம். பாதிப் பேரு மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் பேசுவாங்க. இவங்க ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. கோளாறான மெஷினைப் பிரிச்சுப் பார்க்கிற மாதிரிதான் அந்தக் கடனைப் பத்திப் பேசுவாங்க.

– இவ்வளவு அழைப்பும் உங்ககிட்டயே எப்படி வந்துச்சு? அதுவும் ஒரு கேள்வியா இங்க இருக்கு.

– எங்க மேசையில இருக்கறதே மூணு பேரு சார். வேற யாராவது எடுத்தா, 'அந்த ஜலதோஷக் குரல் பொண்ணைக் குடு'ம்பாங்க. எனக்கு ஜலதோஷம் இல்ல, என் குரலே இதுதான். நான் சொல்லல அவங்ககிட்ட.

– ரெண்டாவது அழைப்புல ஒரு சத்தம். கிர்ருன்னு, காது கூசற மாதிரி. லைன் கோளாறுன்னு குறிச்சிருக்கேன்.

– கோளாறு இல்ல சார். கார்டே அனுப்பாதீங்க, பாக்கியை மட்டும் மாத்துங்கன்னு முதல்லயே கேட்டாங்க. நம்ம ஆளுங்க அனுப்பிட்டாங்க, தாள்ல பளபளன்னு ஒட்டி. அது வந்த அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி, 'வந்துடுச்சும்மா உன் பிள்ளை. கொஞ்சம் இரு'ன்னு சொல்லி, பல்லு அறுக்கற சக்கரத்துல வெச்சு அறுத்துட்டாங்க. பழைய கார்டு ரெண்டையும் சேர்த்து. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்கேன், மூணு தடவை கிர்ரு கிர்ருன்னு. அப்புறம், 'என் கையை எனக்குத் தெரியும்மா, அது நல்ல கைதான், ஆனா கார்டு இருந்தா தேய்க்கும்' அப்படின்னாங்க.

– என் கையை எனக்குத் தெரியும்.

– ஆமா சார். அப்படியே சொன்னாங்க.

– சரி. மேல. அஞ்சாவது மாசம் ஒரு அழைப்பு இருக்கு, நாலே நிமிஷம். பின்னாடி ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல.

– அது பல் டாக்டர் கிளினிக் சார். அன்னிக்கு நம்ம தவணைக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பணம் ஏறணும், இல்லேன்னா வட்டி இல்லாத சலுகை பணால். மீதி வேலை குடுக்கற இன்னொரு டாக்டர் ரெண்டு மாசமா பில் பணத்தைத் தரல. போன் பண்ணினா, டாக்டர் பேஷன்ட் கிட்ட இருக்காருன்னு வரவேற்பறைப் பொண்ணு வெச்சிடுமாம். இவங்க என்ன பண்ணினாங்க, நேராப் போயி நோயாளிங்க வரிசையில டோக்கன் வாங்கிட்டு உக்காந்துட்டாங்க. பதினாலாவது நம்பர். கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு இருக்கறவங்க நடுவுல, கையில பில்லோட. அங்கேர்ந்துதான் எனக்குப் போன், 'பணம் அனுப்பினா உனக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்'னு கேட்டு. இருபது நிமிஷம்னேன். அப்ப மணி நாலு.

– முறை வந்துச்சா?

– அஞ்சேகாலுக்கு வந்துச்சு. டாக்டர் குனிஞ்சுக்கிட்டே, எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டாராம். இவங்க அந்த நாற்காலியில சாஞ்சு உக்காந்து, 'வலி பல்லுல இல்ல டாக்டர், பில்லுல' அப்படின்னாங்களாம்.

– பில்லுல.

– நீங்க சிரிக்கறீங்க சார்.

– இதுக்கு மதிப்பெண் கிடையாது. குடுத்தாரா?

– முழுசும் குடுத்தாரு. அஞ்சரைக்குப் பணம் அனுப்பிட்டாங்க. என் திரையில அது ஏற அஞ்சு ஐம்பத்திரண்டு ஆச்சு. எனக்கு அஞ்சு மணிக்கே ஷிப்ட் முடிஞ்சது சார். பையை மாட்டிக்கிட்டு நின்னபடியே திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏறினப்புறம்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். சொந்தப் பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட அப்படி நின்னதில்ல.

– அடுத்து, பன்னெண்டாவது மாசம். அங்க நீங்க வேற பேங்க் பத்திப் பேசியிருக்கீங்க. அது பெரிய தப்பு.

– நான் பேசல சார், அவங்க கேட்டாங்க. பன்னெண்டு மாசம் முடியறப்ப எட்டாயிரத்து எண்ணூறு சொச்சம் மிச்சம். வேற பேங்க்காரன் ஒருத்தன் இதே மாதிரி சலுகை குடுத்திருக்கான். அதை அங்க தூக்கிப் போட்டா கட்டணம் எவ்வளவு ஆகும்னு கேட்டாங்க. எரநூத்து அறுபத்தாறுன்னு சொன்னேன். மாத்தாம இங்கயே ரெண்டு மாசத்துல முடிச்சா வட்டி நானூத்துச் சொச்சம். மாத்தினா நூத்து நாப்பது லாபம். யாரா இருந்தாலும் மாத்துவாங்க. நானே மாத்தியிருப்பேன்.

– மாத்தலையா?

– இல்ல. கொஞ்ச நேரம் பென்சில் சத்தம். அப்புறம், 'நூத்து நாப்பதுக்கு ஆசைப்பட்டு இன்னொரு புது கார்டை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர வேண்டாம்மா. அந்த நூத்து நாப்பது என் கைக்குப் போட்ட காவக்காரன் கூலி'ன்னு சொன்னாங்க. அதுதான் சார் என்னை உலுக்கினது. கணக்குத் தெரிஞ்சவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். வருஷத்துக்கு ஒரு கார்டு மாத்தி, ஒண்ணை அடைச்சு ஒண்ணுல வாங்கி, நாலு வருஷம் கழிச்சு முன்னாடியை விட டபுளா வந்து நிப்பாங்க. கட்டணத்தையும் குடுத்துட்டு, காலியான கார்டையும் நிரப்பிட்டு. கணக்கை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆளு இவங்க ஒருத்தர்தான்.

– மொத்தம் எவ்வளவு போச்சு அவங்களுக்கு?

– கட்டணம், சின்ன கார்டு வட்டி, கடைசி ரெண்டு மாச வட்டி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முன்னூறு கூட வரல. இதே நாலாயிரத்து ஐநூறை பழைய கார்டுங்களுக்கே கட்டியிருந்தா பதினேழாயிரத்துக்கு மேல வட்டி போயிருக்கும், மூணு நாலு மாசம் கூடவும் இழுத்திருக்கும். பழைய மாதிரி குறைந்தபட்சம் மட்டும் கட்டிக்கிட்டு, கூடவே தேய்ச்சுக்கிட்டும் இருந்தா, அதுக்கு முடிவே இல்ல சார்.

– முடிவே இல்ல.

– ஆமா.

– கடைசி அழைப்புக்கு வாங்க.

– போன செவ்வாக்கிழமை. பாக்கி பூஜ்யம். கார்டை மூடிடும்மான்னாங்க. என் திரையில சிவப்புப் பெட்டி வந்துடுச்சு: மூடாதீங்க, வரம்பை ஒரு லட்சமா ஏத்தித் தரோம், ஐம்பதாயிரம் ரொக்கமா இப்பவே கையில தரோம். வாசிக்கணும். எனக்கு வாய் வரல. அவங்களே கண்டுபுடிச்சுட்டாங்க. 'உனக்கு ஏதோ வாசிக்கணும்னு விதி இருக்குமே. வாசிம்மா, நான் கேட்டுக்கறேன். என்னால உன் வேலைக்கு ஆபத்து வர வேண்டாம்' அப்படின்னாங்க. என் வேலையைப் பத்தி அவங்க யோசிக்கிறாங்க சார், அந்த நேரத்துல. ஒருத்தர் பதினாலு மாசம் நீந்திக் கரையேறி, ஈரத் துணியோட நின்னு மூச்சு வாங்கறாங்க. அவங்க கையைப் புடிச்சு, இன்னும் ஆழமா ஒரு இடம் இருக்கு, வாங்க குதிக்கலாம்னு எப்படிச் சொல்றது? அதுதான் அந்தப் பதினொரு விநாடி.

– சலுகையே வேண்டாம்னு அவங்க முன்கூட்டியே சொல்லிட்டா நீங்க வாசிக்க வேண்டியதில்ல. அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கு. சொன்னாங்களா?

– இல்ல சார். வாசின்னுதான் சொன்னாங்க.

– ஆமான்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம்.

– பதிவு உங்ககிட்ட இருக்கே சார்.

– அது இல்லேன்னா?

– தெரியல. ஆனா அந்த அம்மா பேரைச் சொல்லிப் பொய் சொன்னா எனக்கே கேவலமா இருந்திருக்கும். போடுங்க சார் புள்ளியை. அடுத்த மாச வாடகைக்கு என்ன பண்றதுன்னு போன செவ்வாக்கிழமையிலேர்ந்தே யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– காரணம்ங்கற கட்டத்துல எழுதிட்டேன். படிக்கறேன், சரியான்னு பாருங்க. 'வாடிக்கையாளர் முழுப் பாக்கியையும் தீர்த்துவிட்டார். சலுகை வாசிக்கப்படவில்லை. ஊழியருக்கு வாய்மொழி எச்சரிக்கை தரப்பட்டது.' புள்ளி இல்ல. எச்சரிக்கையோட நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்கு. ஒன்பது வருஷத்துல இதுதான் முதல் தடவை அதை எடுக்கறேன்.

– சார், இது... ரொம்ப நன்றி சார். நான் எதிர்பார்க்கவே இல்ல. அப்ப நான் மேசைக்குப் போகட்டுமா?

– ஒரு நிமிஷம். கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

– சாத்திட்டேன் சார். இன்னும் ஏதாவது கேள்வி இருக்கா? அந்த அம்மாவைப் பத்தியா?

– அவங்களைப் பத்தி இல்லம்மா. என்கிட்ட நாலு கார்டு இருக்கு, ஆறு வருஷமா குறைந்தபட்சம்தான் கட்டிக்கிட்டு இருக்கேன், வீட்ல யாருக்கும் தெரியாது. எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லு.